“டாலி ஓடுமா தம்பி?” – அலுவலகத்துக்கு லினக்ஸ் கொண்டுவர நினைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை நான் செய்தது பிரசங்கம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரையும் உட்காரவைத்து, கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸை எப்படி எழுதத் தொடங்கினார், மூலநிரல் திறந்து கிடப்பதால் என்ன பயன் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் கணக்கு பார்க்கும் அக்கா, தன் கணக்கு மென்பொருளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதுல டாலி ஓடுமா தம்பி?”

“நேரடியா ஓடாதுக்கா. வைன்னு ஒன்னு இருக்கு, அதைப் போட்டா…” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை. சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

அன்று கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அக்காவுடையதுதான் என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. விண்டோஸ் மேல் யாருக்கும் பாசம் கிடையாது. காலையில் வந்து எந்த இடத்தில் எதை அழுத்தினால் வேலை முடியும் என்று கைக்குத் தெரிந்த ஒரு பாதை இருக்கிறது; அதன் மேல்தான் பாசம். அந்தப் பாதையை முதலில் நீங்கள் நடந்து பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இரண்டாவது முயற்சியில் நாங்கள் செய்தது. ஓரிரு இடத்தில், செய்யாமல் விட்டு அவதிப்பட்டது.

ஒரு வாரம் வாயைத் திறக்காதீர்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு நாளில் கணினியில் எதையெல்லாம் திறக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். கேட்டு எழுதினால் பாதிதான் வரும். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் முழுதும் வரும். “நான் வேர்டு மட்டும்தான் யூஸ் பண்றேன்” என்று சொன்னவர், போனில் எடுத்த ரசீதுப் படங்களை வாட்ஸ்அப் வெப்பில் இறக்கி, வெட்டி, நான்கை ஒரே தாளில் அடுக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய நாளில் பாதி. அந்த ‘நான்கை ஒரே தாளில்’ வேலையை லினக்ஸில் செய்ய வழி காட்டாமல் வேறு என்ன காட்டினாலும் அவருக்கு அது குப்பைதான்.

எங்கள் நோட்டின்படி, பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு வேண்டியது பிரவுசர், கடிதம் அடிக்க ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, பிரிண்டர், ஸ்கேனர். இவ்வளவுதான். மீதி நான்கு பேரைத் தொடாமல் விட்டோம்.

யாரைத் தொடக்கூடாது

அக்காவின் கணினியைத் தொடாதீர்கள். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற இடைமென்பொருள் வழியாக ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் அது முரண்டு பிடித்தால் பழி லினக்ஸ் மேல் விழும், கூடவே உங்கள் மேலும். வரித் தாக்கலுக்கான ஆஃப்லைன் கருவிகளில் சில மேக்ரோ வைத்த எக்செல் கோப்பாக வருபவை. அவற்றை லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற ஆபீஸ் மென்பொருளில் நம்பிக்கையோடு ஓட்ட முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் கணினியையும் அப்படியே விடுங்கள். போட்டோஷாப், கோரல்டிரா வைத்து வேலை பார்ப்பவரிடம் ‘கிம்ப் இருக்கே, இங்க்ஸ்கேப் இருக்கே’ என்று போய் நிற்காதீர்கள். இருக்கிறதுதான், நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் பத்து வருடக் கைப்பழக்கத்தை உங்கள் கொள்கைக்காக அவர் ஏன் விட வேண்டும்?

அக்காவிடம் போய், “உங்க மெஷினை நாங்க தொடவே மாட்டோம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்குறுதி அலுவலகத்தில் பாதி எதிர்ப்பைத் தணித்துவிடும்.

சிஸ்டத்தை மாற்றும் முன் மென்பொருளை மாற்றுங்கள்

பிரான்சின் ஜாந்தர்மரி என்ற காவல் படை செய்த வரிசையை நான் அப்படியே பின்பற்றினேன். 2005-இல் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு லிப்ரே ஆபீஸுக்கு முன்னோடியான ஓபன் ஆபீஸுக்கு மட்டும் மாறினார்கள். அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டும். 2008-இல்தான் உபுண்டு என்ற லினக்ஸ் பக்கம் திரும்பினார்கள். அதற்குள் படையினர் அன்றாடம் தொடும் மூன்று மென்பொருள்களும் கைக்குப் பழகியிருந்தன. கீழே இருக்கும் சிஸ்டம் மாறியபோது அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். இன்று அங்கே பல்லாயிரக்கணக்கான கணினிகளில் அது ஓடுகிறது.

நீங்களும் இப்போது ஓடும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸைப் போடுங்கள். இரண்டு மாதம் அதிலேயே வேலை நடக்கட்டும். போட்டவுடன் மூன்று காரியம் செய்ய வேண்டும். அமைப்புகளில் போய், எப்போதும் வேர்டு, எக்செல் வடிவத்திலேயே சேமிக்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் வெளியே அனுப்பும் முதல் கடிதமே ‘திறக்கவில்லை’ என்று திரும்பி வரலாம். அடுத்து, ‘வியூ’ மெனுவில் இடைமுகத்தைத் தாவல் வடிவத்துக்கு மாற்றினால் மேல்பட்டை வேர்டு மாதிரியே தெரியும். மூன்றாவது எழுத்துரு. கலிப்ரிக்குப் பதிலாக கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாக கலாடியா என்று அதே அகலத்தில் செய்த கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. அவை இருந்தால் வரிகள் இடம் மாறாது. இரண்டு பக்கக் கடிதம் இரண்டேகால் பக்கமாக நீளாது.

எல்லாம் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெட்டிகளும் அட்டவணைகளும் நிறைந்த விண்ணப்பப் படிவங்கள் கொஞ்சம் நகரத்தான் செய்யும். வெளியே போகிற எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் பழக்கத்தை இந்த இரண்டு மாதத்திலேயே கொண்டுவந்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

தமிழ்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊர் அலுவலகங்களில் இங்கேதான் வண்டி கவிழும்.

லினக்ஸில் தமிழ் தெரியும், தமிழில் அடிக்கலாம் என்பது பழைய செய்தி. உங்கள் அலுவலகத்தில் தமிழ் அடிப்பவரின் விரல் எந்த விசைப்பலகைக்குப் பழகியது, பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் கிடக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விரல்களைப் பொறுத்தவரை பொதுவாக மூன்று வகை. சின்னவர்கள் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குவார்கள். சிலர் தமிழ் 99, அதாவது 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. மூத்தவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள். அவர்கள் கை தட்டச்சுப்பொறி விசைகளில்தான் ஓடும். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்து நிறுவினால் இந்த மூன்று வகையும் கிடைக்கும். மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவி, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்து, பட்டியலில் தமிழின் கீழ் உரிய விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். வெளியேறி உள்ளே வர மறந்துவிட்டு, ‘வேலை செய்யவில்லை’ என்று அரை நாள் நான் தேடியிருக்கிறேன்.

தட்டச்சு படித்தவரை மட்டும் தனியாக உட்காரவைத்து ஒரு முழுப் பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். கெ, கே, கை, கொ, கௌ இந்த ஐந்தையும் கட்டாயம் அடிக்கட்டும். தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு எழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் வைத்துச் சேமிக்கிறது. அவர் கைக்கு இசைவாக வருகிறதா என்பதை அந்த ஐந்து எழுத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் டைப் அடிக்கும் அண்ணன் ஒரு பக்கம் அடித்து, இடறிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் தந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய கோப்புகள் வேறு கதை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களில் உண்மையில் தமிழ் எழுத்துகள் இல்லை. உள்ளே இருப்பது வேறு எழுத்துகளுக்கான குறியீடுகள்; மேலே தமிழ் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை என்பதால்தான் அத்தனை அரைப்புள்ளி. லினக்ஸைப் போட்ட மறுநாள் ஒருவர் பழைய கடிதத்தைத் திறந்து இதைப் பார்த்தால், ‘என் ஃபைல் எல்லாம் போச்சு’ என்ற கூச்சல் முதலாளி அறை வரை கேட்கும்.

எனவே முன்கூட்டியே அந்த எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் நிறுவிவிடுங்கள். இரட்டைச் சொடுக்கினால் ‘நிறுவு’ என்ற பொத்தான் வரும், அவ்வளவுதான். பழைய கடிதங்கள் அப்படியே தெரியும். பாமினியில் தொடர்ந்து அடிக்கவும் முடியும், ஆங்கில விசைப்பலகையே போதும். ஆனால் லிப்ரே ஆபீஸின் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் பெரிய எழுத்து என்றால் வேறு தமிழ் எழுத்து. விண்டோஸில் தனி விசைப்பலகை மென்பொருளோடு வந்த எழுத்துருக்களில் பழையதைப் படிக்கலாமே தவிர, அந்த மென்பொருள் இங்கே ஓடாது.

புதிய கடிதங்கள் எல்லாம் யூனிகோடில்தான் என்று ஒரு தேதி குறித்துவிடுவது நல்லது. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. பழையதை மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பாதீர்கள். தேவைப்படும்போது தேவைப்படும் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாக உருமாறிவிடும், ஆகவே பெயர், முகவரி, கதவு எண் இவற்றைக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று: லதா போன்ற விண்டோஸ் எழுத்துருக்கள் லினக்ஸில் இருக்காது. பதிலுக்கு வேறொன்று வந்து உட்காரும், பக்கம் நீளும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, அக்காவின் விண்டோஸ் உட்பட எல்லாக் கணினியிலும் போட்டு, ‘இனி இதுதான் நம் ஆபீஸ் எழுத்து’ என்று வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

பென்டிரைவில் ஒரு சுற்று

லினக்ஸில் பல வகை உண்டு; இப்போது அதில் லினக்ஸ் மின்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த லினக்ஸ் என்ற விவாதத்தை உங்களோடு முடித்துக்கொள்ளுங்கள். சக ஊழியரிடம் பத்துப் பெயரை அடுக்கித் தேர்வு செய்யச் சொல்வது துணிக்கடையில் கைக்குட்டை வாங்க வந்தவருக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிற மாதிரி. மின்ட்டின் சினமன் பதிப்பில் மெனு இடது கீழ் மூலையில் இருக்கிறது, கடிகாரம் வலது மூலையில். விண்டோஸ் பழகியவருக்கு வழி தெரியும். 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு கிடைக்கும். 4 ஜிபி ரேம் இருந்தால் வசதி. 2 ஜிபிதான் என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதைப் பென்டிரைவில் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு கணினியாகப் போங்கள். இயக்கும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் விசை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. வைஃபை, ஒலி, பிரிண்டர், ஸ்கேனர், நான்கையும் பாருங்கள். புதிய நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமலே சேர்ந்துகொள்ளும். ஹெச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள்தான் வம்பு. எங்களிடம் இருந்த ஒன்றோடு இரண்டு ஞாயிறு மல்லுக்கட்டினேன். கடைசியில் அதைத் தூக்கி அக்கா மேசையில் வைத்துவிட்டு, அவரிடம் இருந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தோம். இதை முதல் ஞாயிறே செய்திருக்கலாம்.

முதல் ஆள் யார்

கணினி ஆர்வமுள்ள இளைஞனைத்தான் எல்லோரும் முதலில் பிடிப்பார்கள். வேண்டாம். அவனுக்கு முடிந்தது தனக்கும் முடியும் என்று மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் இளைஞனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. விண்டோஸோடு ‘பாஸ்’ (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள் அதில். ‘அதைத் திறந்ததே இல்லண்ணா’ என்றான். கையில் கொடுத்தும் ஏன் திறக்கவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை.

கணினி மிக மெதுவாக ஓடும் ஆளைப் பிடியுங்கள். அவர் டீ நேரத்தில் நாலு பேரிடம் பேசுகிறவராகவும் இருந்தால் அதிர்ஷ்டம். எங்களுக்கு வாய்த்தவர் ரிசப்ஷனில் இருக்கும் அம்மா. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, பூ வைத்து, சாமி கும்பிட்டு வந்தாலும் அவர் கணினி திறந்திருக்காது.

போடும் நாள்

சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் ஒரே தந்திரம்: பழைய வட்டை (ஹார்ட் டிஸ்கை) அழிக்காதீர்கள். புதிதாக ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது வேகமான புதுவகை வட்டு, வாங்கி அதில் லினக்ஸைப் போட்டு, பழைய வட்டைக் கழற்றி, பெயர் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். வேகம் கூடியதற்குப் பாதிக் காரணம் எஸ்எஸ்டிதான் என்பதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம், கேட்டால் மறைக்க வேண்டாம். ஆனால் பெரிய லாபம், ‘பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கித் தருகிறேன்’ என்று நீங்கள் சொல்லலாம், அது பொய்யாகவும் இருக்காது.

கழற்றும் முன் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் கை வைக்காதீர்கள். விண்டோஸை முழுதாக அணைத்த பிறகு கழற்றுங்கள். விண்டோஸின் ‘வேகத் தொடக்கம்’ (Fast Startup) வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அந்த வட்டை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

லினக்ஸ் வந்ததும் அவருடைய கோப்புகளை அதே பெயரில், அதே அடுக்கில் வையுங்கள். முகப்பில் லெட்டர், கணக்கு, ஸ்கேன், வாட்ஸ்அப் என்று அவர் சொல்லும் பெயரிலேயே ஐகான்கள். பிரவுசரில் அவர் புக்மார்க்குகள். பிறகு மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கி ஒரு நிலைப்படம் எடுத்து வைத்துவிட்டால், ஏதாவது புதுப்பிப்பு சிஸ்டத்தைக் கெடுத்தாலும் முந்தைய நிலைக்குப் போய்விடலாம். அது சிஸ்டத்துக்குத்தான், கடிதங்களுக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். ரிசப்ஷன் அம்மா திங்கட்கிழமை வந்து முதலில் கேட்டது, “என் முருகன் படம் எங்க?” வால்பேப்பரை மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.

முதல் வாரம்

பக்கத்தில் உட்காருங்கள். மவுஸை மட்டும் பிடுங்காதீர்கள். அவர் தேடட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். கட்டளைகளை அடித்து இயக்கும் அந்தக் கறுப்புத் திரையை அவர் முன்னால் திறக்கவே கூடாது; ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டாலும் ‘இது இன்ஜினியர்ங்க சமாச்சாரம்’ என்று முடிவாகிவிடும். எதற்கு பாஸ்வேர்டு கேட்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலாளியிடம் பேசுவது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ரிசப்ஷனில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பேசுவது சுலபம். ‘இலவசம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஓசியில் வருவது உழைக்காது என்பது நம் வியாபாரிகளின் அனுபவம். வேறு இடத்தில் தொடங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் அனுமதி. அலுவலகத்தில் அதற்குத் தகுதியில்லாத கணினிகள் எத்தனை, எட்டுப் புதுக் கணினியின் விலை என்ன, எட்டு எஸ்எஸ்டியின் விலை என்ன, இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கள்ளப் பிரதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மெதுவாகக் காதில் போடுங்கள்.

‘யாராவது செஞ்சிருக்காங்களா?’ என்று கேட்பார். கேரளத்து அரசுப் பள்ளிகளைச் சொல்லுங்கள். அங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி பழகுகிறார்கள். மியூனிக் நகராட்சி கதையையும் மறைக்காமல் சொல்லலாம். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். 2017-இல் நகர்மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. தலைமை மாறினால் திட்டமும் மாறும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

அவர் கேட்கும் கடினமான கேள்வி வேறு: “நீ லீவு போட்டா யாரு பார்ப்பா?” இதற்குப் பதில் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். நான் இளைஞனுக்கு முழு நிறுவலையும் ஒரு தடவை அவன் கையாலேயே செய்யவைத்தேன். பிரிண்டர் சேர்ப்பது, தமிழ் விசைப்பலகை சேர்ப்பது, டைம்ஷிஃப்டில் பின்னால் போவது, மூன்றையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அந்தத் தாளை வைத்து அவன் ஒரு கணினியைச் சரிசெய்துவிட்டான். மீதிக் கணினிகளுக்கு அனுமதி அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

ஒருவர் திரும்பக் கேட்டால்

அன்றைக்கே மாற்றிக் கொடுங்கள். ஏன், எதற்கு என்று வாதாடாதீர்கள். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் மூன்றாவது வாரம் வந்து, “எனக்கு ஒத்து வரலப்பா” என்றார். பீரோவிலிருந்து அவர் பெயர் ஒட்டிய வட்டை எடுத்து மாட்டினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் இன்றும் விண்டோஸில்தான் இருக்கிறார். லிப்ரே ஆபீஸை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.